வலது பக்கம் பை வைத்த சட்டை

என் தம்பிக்கு நான் தைத்த சட்டைகளில் எல்லாம் பை வலது பக்கம்தான் இருக்கும். அவன் இடது கைக்காரன். சாக்பீஸ், பென்சில், தூரிகை எதுவானாலும் இடது கைதான் முதலில் போகும். ஊர் வழக்கப்படி இடது பக்கம் பை வைத்தால், கோழி இறக்கையைத் தூக்குவது போல முழங்கையைத் தூக்கிக்கொண்டு துழாவுவான். பார்க்கச் சகிக்காது. அதனால் அவன் வேலையில் சேர்ந்தபோதே பையை வலது பக்கம் மாற்றித் தைத்துக் கொடுத்தேன். இந்த ஊரில் வேறெந்த ஆம்பளைக்கும் அப்படி ஒரு சட்டை கிடையாது. தைக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவன் சரித்திரமும் ஓவியமும் சொல்லிக் கொடுக்கிறான். இடது கன்னத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். பிள்ளைகள் வைத்த பெயர் மச்ச சார். பிறந்த கையோடு அவனைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். அந்த மச்சத்தை அழுக்கு என்று நினைத்து எச்சில் தொட்டுத் தேய்த்து, அம்மாவிடம் குட்டு வாங்கினேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு மிஷினோடு கல்யாணம், அவனுக்குச் சுவரோடு கல்யாணம் என்று ஊரில் சொல்வார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர். தம்பியைக் காணோம் என்றால் நான் வேறெங்கும் தேடுவதில்லை. நேரே பள்ளிக்கூடத்துக் கூடத்துக்குப் போவேன், அங்கே நீளச் சுவருக்கு எதிரில் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றுகொண்டிருப்பான்.

அந்தச் சுவரில் அவன் ஒரு படகு வரைந்துகொண்டிருந்தான். எங்கள் தாத்தா காலத்தில், ஆற்றுக்குப் பாலம் வருவதற்கு முன்னால், சந்தைக்குப் போன படகு ஒன்று நடு ஆற்றில் கவிழ்ந்தது. ஏறினவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவருக்கும் போட்டோ கிடையாது. தம்பி வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்பான். உங்க தாத்தாவுக்கு யார் மூக்கு? உங்க சின்னப் பையன் மூக்கா, பெரியவன் மூக்கா? காது ஒட்டியிருக்குமா, விலகியிருக்குமா? இப்படிப் பேரனிடமிருந்து மூக்கையும், பேத்தியிடமிருந்து நெற்றியையும் கடன் வாங்கி, செத்தவர்களுக்கு முகம் சேர்த்துக் கொடுத்தான்.

அவன் எதையும் எழுதி வைப்பதில்லை. "எழுதி வெச்சா ஜனங்க பேசறதை நிறுத்திடுவாங்க அக்கா," என்பான். ஊர் சரித்திரம் மொத்தமும் அவன் வாயில்தான் இருந்தது. அந்த வாய் திறப்பது பெரும்பாலும் என் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில். யார் நிலத்தில் முதல் கிணறு வெட்டினார்கள், எந்தத் தெரு எப்போது வந்தது, படகில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஆரம்பித்தால் குழம்பு ஆறிக் கல்லாகிவிடும். "சுவர் இருந்தாத்தான்டா சித்திரம் எழுத முடியும். முதல்ல வாயை மூடிட்டு சாப்பிடு," என்பேன். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுச் சிரிப்பான்.

கண்களை மட்டும் அவன் கடைசியில்தான் வரைவான். முகம் முடிந்ததும் கண் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டு, அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்துவான். "யார் இது?" என்று கேட்பான். யாராவது ஒருவர், "எங்க தாத்தா," என்றோ, "எங்க பெரியம்மா," என்றோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கருவிழிப் புள்ளியை வைப்பான். சந்தேகத்தோடு இழுத்தால் அழித்துவிட்டு மறுபடி வரைவான். சொந்தக்காரங்க அடையாளம் சொல்லாம கண்ணைத் திறந்தா அது யாரோ ஆயிடும் அக்கா என்பான். கண் இல்லாமல் ஒரு படகு நிறைய ஆட்கள் நின்ற அந்த நாட்களில் நான் தனியாகக் கூடத்துக்குள் போனதே இல்லை. கண் வைத்த பிறகும் ரொம்பப் பிடித்துப் போய்விடவில்லை. நாம் எங்கே நின்றாலும் அவர்கள் நம்மைத் தாண்டி நமக்குப் பின்னால் யாரையோ பார்ப்பார்கள்.

கடைசியில் ஒரே ஒரு ஆள் பாக்கி. படகில் போனவர்களில் ஒருவர் இந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் வாத்தியார். வெளியூரிலிருந்து வந்தவர். இங்கே வம்சம் கிடையாது, மூக்கு கடன் கொடுக்க ஆள் கிடையாது. ஒல்லியாக இருப்பார், கிட்டத்தட்ட தம்பி வயதுதான் இருக்கும் என்பதைத் தவிர ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"அவருக்கு ஒரு அக்கா இருந்தாங்களாம் அக்கா," என்று ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான். "படகு போன செய்தி கேட்டு அவங்க ஊர்லேர்ந்து வந்து..."

"வாயை மூடிட்டு சாப்பிடுடா," என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு கல்யாண வீட்டுத் துணி முழுக்க முடிக்க வேண்டியிருந்தது.

வேறு வழி தெரியாமல் அவன் தன்னையே பார்த்து வரைவது என்று முடிவு செய்தான். அதற்கு என் ஆளுயரக் கண்ணாடிதான் வேண்டுமாம். தைத்த துணியைப் போட்டுப் பார்க்க வருகிறவர்கள் நிற்கும் கண்ணாடி அது, என் பிழைப்பே அதில்தான் தெரிகிறது. கத்தினேன். அதற்குள் பள்ளிக்கூடத்துக் காவல்காரரைக் கூட்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாப்பாடு கொண்டு போனபோது படம் முடிந்திருந்தது. படகின் பின்பக்கம் தம்பி நின்றுகொண்டிருந்தான், கண் மட்டும் இல்லாமல். அச்சு அசல். கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே போட்டிருந்ததால் மச்சம் வலது கன்னத்துக்கும், பை இடது பக்கத்துக்கும் மாறியிருந்தன. இருந்தாலும் என் தையல், என் காலர் என்று எனக்குத் தெரியாதா? 

"யார் இது அக்கா?" என்று கேட்டான். அவனுக்கு முறை முறைதான். வாத்தியாருக்குச் சொல்ல ஆள் இல்லாததால் என்னைக் கேட்கிறான்.

"யாரா? நீதான்! செத்தவருக்கு உன் மச்சத்தைக் கூட விடாம கொடுத்திருக்க. வந்து சாப்பிடு."

"சொல்லிட்டியா? சரி," என்று சிரித்தான். தூரிகையை நனைத்து இரண்டு கண்ணிலும் புள்ளி வைத்தான். நான் சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் கண்ணாடியோடு வந்தான். அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தினான். செருப்பை வாசலில் ஜோடியாக வைத்திருந்தான். ஆச்சரியமாக இருந்தது. ஒன்று தெற்கே பார்க்கும், ஒன்று வடக்கே பார்க்கும் என்பதுதான் அவன் வழக்கம்.

"சாப்டீங்களா அக்கா?" என்றான்.

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறான். இதென்ன புதிதாக மரியாதை, கண்ணாடி எடுத்ததற்குக் காக்காய் பிடிக்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டான். ஒவ்வொரு வாயையும், இதற்கு முன்னால் சாப்பாட்டையே பார்த்திராதவன் போல மெதுவாக மென்றான். இதுவும் நிம்மதியாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள்தான். காலையில் அவன் முதல் நாள் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தேன். வாளியில் போடும் முன் பையில் சாக்பீஸ் இருக்கிறதா என்று வலது பக்கம் கை விட்டேன். பை இல்லை. அது இடது பக்கம் இருந்தது. பிரித்துத் தைத்திருந்தால் பழைய தையல் ஓட்டை தெரியும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. பட்டன் பட்டி பெண்கள் சட்டையில் போல வலது பக்கம் மேலே ஏறியிருந்தது. காலரில் ஒரு இடத்தில் நான் கோணல் விட்டிருந்தேன், அது மறு காதுப் பக்கம் போயிருந்தது. என் தையல்தான், என் நூல்தான். ஆனால் அப்படி ஒரு சட்டையை நான் தைக்கவே இல்லை. ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் குளித்துவிட்டு வந்தான். பீரோவிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவை வலது கையால் இடது மார்பில் செருகப் போனான். அங்கே பை இல்லாததால் பேனா தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் பட்டது. இத்தனை வருஷம் பார்த்த முகம், எந்தக் கன்னம் என்று நான்தான் மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேனோ? யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் சிரிக்க மாட்டார்களா? மத்தியானம் பக்கத்து வீட்டுச் சிறுமி பாவாடை நீளம் குறைக்க வந்தாள்.

"மச்ச சார் இன்னைக்கு வலது கையில எழுதினார்," என்றாள். "எழுத்து எல்லாம் பழைய காலத்து எழுத்து மாதிரி இருக்கு. படகு பாரம் தாங்காம கவுந்துச்சுன்னு போன வாரம் சொன்னாரில்ல? இன்னைக்கு, இல்லை, அடிப்பலகை முன்னாடியே விட்டுப் போயிருந்துச்சு, கால் நனைஞ்சப்பவே தெரிஞ்சுதுன்னு சொல்றார். யார் கால் நனைஞ்சுது சார்னு கேட்டா, குனிஞ்சு தன் காலையே பார்க்கறார்."

அவள் போனதும் நான் என் குட்டிச்சுவருக்குப் போனேன்.

கூடத்தில் ஒருவரும் இல்லை. நடு வெயில் ஜன்னல் வழியே சுவரில் விழுந்துகொண்டிருந்தது. படகின் பின்பக்கம் என் தம்பி நின்றான். மச்சம் இடது கன்னத்தில். பை வலது பக்கம். நேற்று நான் பார்த்தபோது இரண்டும் மாறியிருந்தன என்பதற்கு நான் மட்டும்தான் சாட்சி. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எப்போதும் போல எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார்கள். அவன் மட்டும் என்னைப் பார்த்தான். கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டேன். சில்லென்று, சுவராகத்தான் இருந்தது. "டேய்," என்றேன். கூடம்தான் திருப்பிச் சொன்னது.

"நீங்களும் பார்க்க வந்துட்டீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்ததும் உயிர் போய் வந்தது. தலைமையாசிரியர். "பார்த்துக்கங்க. திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் சொல்லியாச்சு."

"எதுக்கு?"

"சின்னக் குழந்தைங்க கூடத்துக்குள்ள வரவே பயப்படறாங்கம்மா. படகுல இருக்கறவங்க திரும்பிப் பார்க்கறாங்களாம். உங்க தம்பி சண்டைக்கு வருவார்னு நினைச்சேன். கேட்டதும் சரின்னுட்டார். சீக்கிரமா அடிச்சிடுங்கன்னு வேற சொன்னார்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவன் ஜன்னல் ஓரம் முகத்தில் வெயில் பட உட்கார்ந்திருந்தான். நேராகப் போய்ச் சுவரைப் பார்த்திருந்த கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினேன்.

கண்ணாடிக்குள் என் தம்பி உட்கார்ந்திருந்தான். மச்சம் இடது கன்னத்தில், பேனா வலது பக்கப் பையில். ஜன்னல் ஓரம் இருந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் இருந்தவனோ பேசிக்கொண்டிருந்தான். விரலை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் பேசுவானே, அதே மாதிரி விடாமல் பேசினான். சத்தம் மட்டும் வரவில்லை.

"என் தம்பியை என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலை அக்கா," என்றார். "யாருன்னு அவர் கேட்டார். நீதான்னு நீங்க சொன்னீங்க. எல்லாருக்கும் சொல்ல ஆள் வந்தாங்க. எனக்கு வருவாங்களான்னு ரொம்ப காலமா பார்த்துட்டு இருந்தேன். நீங்க வந்து அவரைச் சொல்லிட்டீங்க. அதனால அவர் அங்க போனார், இடம் காலியாச்சு."

"திங்கட்கிழமை வெள்ளையடிச்சா என் தம்பி?"

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார். "வெயில் இவ்வளவு நல்லா இருக்கும்னு மறந்தே போச்சு," என்றார் கடைசியில்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். நன்றி கெட்டவன் என்றேன், என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் குடியைக் கெடுக்கிறாயே என்றேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு தீர்ந்து மூச்சு வாங்கியபோது, எதற்கென்று தெரியாமல், தம்பி பாதியில் விட்ட கதை ஞாபகம் வந்தது.

"உனக்கும் ஒரு அக்கா இருந்தாளாமே," என்றேன்.

அவர் முகம் மாறியது. அதுவரை தம்பியின் முகமாக இருந்தது, அந்த ஒரு கணம் நான் அறியாத ஒருவருடைய முகமாக ஆனது.

"இருந்தா," என்றார். "செய்தி கேட்டு வந்தா. கரையில நின்னு ஒவ்வொரு படகுக்காரன் காலையும் பிடிச்சு, தேடச் சொன்னா. ஒருத்தரும் இறங்கலை. தண்ணிக்கு அடியிலேர்ந்து அவ குரல் கேட்டுட்டே இருந்துச்சு. ஒரு நாள் கேக்கலை."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. "அவளுக்கு ஒரு வழி கிடைச்சிருந்தா, உன் இடத்துல வேற ஒருத்தனைத் தள்ளியாவது உன்னைக் கொண்டு வந்திருப்பாளா, மாட்டாளா?"

வெயிலில் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டு, "கொண்டு வந்திருப்பா," என்றார். பிறகு எழுந்து கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "பிடிங்க அக்கா."

அரை நாள் பள்ளி முடிந்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தெருவில் நாய்கூட இல்லை. கண்ணாடியைப் படுக்கை வசத்தில் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அதில் வானம் எங்களோடு நகர்ந்து வந்தது. கூடத்துச் சாவி அவர் பையில் இருந்தது. எடுப்பதற்கு முழங்கையைத் தூக்கித் துழாவினார், வலது பக்கப் பை அவருக்குப் பழகவில்லை.

நான் யோசித்த வழி இதுதான். தம்பி கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் இவர் வந்தார். இவரைக் கண்ணாடி முன் நிறுத்தினால் உள்ளே தெரிவது தம்பி. தெரிவதை வரைந்து, கண் வைத்து, யார் என்று சரியாகச் சொன்னால் போதும். எனக்கு வரையத் தெரியாது. ஆனால் துணியில் குறி போடும் சாக்கட்டி என்னிடம் இருந்தது, கழுத்தில் டேப் இருந்தது. தம்பியின் அளவு எனக்கு மனப்பாடம். தோள், மார்பு, கை நீளம், இடது தோள் ஒரு நூல் இறக்கம். படகுக்குள் வரையக்கூடாது என்று தெரிந்தது. படகுக்கு வெளியே, தம்பி பச்சைத் தீற்றலாக விட்டிருந்த கரையில், கால் தரையில் பட நிற்கும்படி வரைந்தேன்.

உடம்பு நன்றாகவே வந்தது. வெட்டிப் போட்ட துணித் துண்டுகளைச் சேர்ப்பது போல, தோளிலிருந்து கை, கையிலிருந்து மணிக்கட்டு. பையை வலது பக்கம் வைத்தேன். பட்டன் பட்டியை ஆண்கள் சட்டைக்கு எப்படியோ அப்படி வைத்தேன். முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நான் உடம்புக்குத் தைக்கிறவள், முகத்துக்கு யாரும் என்னிடம் அளவு கொடுத்ததில்லை. மூக்கை மூன்று தரம் அழித்தேன். காது சுமாராக வந்தது. மச்சத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே வைத்திருப்பேன்.

வாய்தான் வரவில்லை. கண்ணாடியில் அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. என்னைப் பார்த்ததும் இன்னும் வேகமாகப் பேசினான். படகில் நின்று கேட்டதை எல்லாம், ஒவ்வொருவரும் சொன்னதை எல்லாம், ஊருக்கு வந்து சேர்ப்பதற்குள் மறந்துவிடுமோ என்ற பயத்தில் என்னிடம் கொட்டுகிறான் என்று பட்டது. உதடு இப்படிக் குவியும், அப்படி விரியும், பல் தெரியும், மறையும். நான் எதை வரைவது? நேரம் போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் வாயை மூடேன்டா!" என்று கத்தினேன்.

கண்ணாடியில் தம்பி சட்டென்று வாயை மூடிக்கொண்டான். சாக்கட்டியால் படுக்கையாக ஒரு கோடு இழுத்தேன். பட்டன் நுழைய வெட்டும் காஜாவுக்குக் குறி போடுவேனே, அந்த மாதிரி ஒரு கோடு. பார்த்தால் வாய் மாதிரிதான் இருந்தது.

"கேளுங்க," என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம்.

அவர் படகைப் பார்த்தார். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். "யார் இது?" என்று கேட்டார்.

"என் தம்பி," என்றேன். ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். இரண்டு கண்ணிலும் புள்ளி வைத்தேன்.

கூடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. கரையைப் பார்த்தேன், என் சாக்கட்டிக் கோடுகள் இல்லை. கையால் தட்டிவிட்ட மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள் தரையில் கிடந்தது. திரும்பினேன். பக்கத்தில் தம்பி நின்றான். இடது கன்னத்தில் மச்சம். இடது கையை நீட்டி என் கையைப் பிடித்தான், அவன் விரல் எல்லாம் பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். அவன் முதுகு குலுங்கியது. அழுகிறான் என்றுதான் நினைத்தேன், ஆனால் சத்தம் இல்லை.

"பேசுடா," என்றேன். "பயப்படாத. முடிஞ்சு போச்சு. ஏதாவது பேசு."

அவன் என்னைப் பார்த்தான். உதடு கோடாக மூடியிருந்தது.

திங்கட்கிழமை வெள்ளையடிக்கும் ஆள் வந்தபோது நானும் போயிருந்தேன். படகின் பின்பக்கம் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார், மச்சம் வலது கன்னத்தில், பை இடது பக்கம். எல்லாரும் பின்னால் எங்கோ பார்க்க, அவர் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு அடிக்கும் மட்டை அவர் முகத்துக்கு வந்ததும், "கொஞ்சம் இருப்பா," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னம்மா?" என்றான் வெள்ளையடிக்கிறவன்.

அவருக்கு நான் என்ன உறவு? அவன் சுண்ணாம்பில் மட்டையை முக்கி ஒரே இழுப்பாக இழுத்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் பார்த்தார். தாடை இறுகியிருக்கிறது, அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்றார். போகப் போக ஒன்றும் சரியாகவில்லை. வாய் நான் போட்ட கோட்டளவுக்குத்தான் திறக்கிறது. கஞ்சி நுழைகிறது, பேச்சு நுழைவதில்லை. எழுதச் சொல்லி பேனாவைக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் இப்போது ஓவியம் மட்டும் சொல்லிக் கொடுக்கிறான். பூ, பழம், வீடு. ஆள் வரைவதில்லை.

சுவர் போன பிறகுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது. "எங்க தாத்தா படகுல யார் பக்கத்துல உட்கார்ந்திருந்தார்? உங்க தம்பி தினமும் உங்ககிட்டதானே சொல்வார்?" என்று ஜனங்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கு எல்லாக் கதையிலும் பாதி தெரியும். மீதிப் பாதிக்குள் நான் அவன் வாயை மூடச் சொல்லியிருப்பேன்.

காஜாவுக்குக் குறி போட்டால் மட்டும் போதாது. நடுவில் வெட்டினால்தான் அது திறக்கும். இது தையல்காரி எனக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். சில நாள் சாப்பாட்டுக்கு நடுவில் அவன் திரும்பி மிஷின் மேல் இருக்கும் கத்தரிக்கோலைப் பார்க்கிறான். பிறகு என்னைப் பார்க்கிறான், கேட்கிற மாதிரி. அதனால் இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கத்தரிக்கோலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். அப்புறம் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வந்து அவன் எதிரில் உட்கார்கிறேன்.

"வாத்தியாரோட அக்கா ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு சொன்னியே," என்கிறேன். "அப்புறம் என்னடா ஆச்சு? சொல்லு. நான் கேக்கறேன்."